கிழக்கு இரண்டு, ஐந்தாம் அடுக்கு

என் மேசை இழுப்பறையில் ஒரு மைப்புட்டி இருக்கிறது. கட்டைவிரல் உயரம்தான். உள்ளே இருந்த கறுப்பு மை என்றைக்கோ காய்ந்து அடியில் ஒட்டிக் கிடக்கிறது. கூடவே மரப்பிடி போட்ட ஒரு நிப்பு, நிறமில்லாத நகப்பூச்சுப் புட்டி ஒன்று. அகழாய்வில் கிடைக்கும் ஒவ்வொரு பானை ஓட்டின் உள்பக்கத்திலும் அது எந்தக் குழியில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்பதை இந்த மையால் பொடி எழுத்தில் எழுத வேண்டும். மை அழியாமல் இருக்க மேலே நகப்பூச்சைத் தடவ வேண்டும். இரண்டு பருவங்கள் அந்த வேலையைச் செய்தேன். எத்தனை ஆயிரம் ஓடுகளில் எழுதினேனோ, கணக்கில்லை. அவற்றில் ஒரே ஒரு எண்தான் இன்னும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிழக்கு இரண்டு, ஐந்தாம் அடுக்கு. காய்கறிச் சீட்டு எழுத உட்கார்ந்தால்கூட, கை தன்பாட்டில் அதை மூலையில் கிறுக்கிவிடும். என்னவென்று வீட்டில் கேட்டால் பழைய பழக்கம் என்று மழுப்பிவிடுவேன்.

கருங்குழியிலிருந்து கிழக்கே, பாலாற்றுப் பக்கமாகப் போகும் வழியில் அந்த மேடு இருந்தது. ஊரில் அதற்குச் சில்லு மேடு என்று பெயர். உழும்போதெல்லாம் பானைச் சில்லுகள் வந்துகொண்டே இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மேட்டடியில் ஒரு வேப்பமரம், அதன் கீழே மஞ்சள் பூசிய ஐந்தாறு வழவழப்பான கற்கோடரிகள். கலப்பையில் சிக்கியவற்றை ஊரார் சாமியாக்கி நட்டுவைத்திருந்தார்கள். இரும்பைக் கண்டிராத மனிதர்கள் அந்தக் கோடரிகளால் காட்டை வெட்டி, ஆடுமாடு வளர்த்து, கொஞ்சம் தானியம் விதைத்து, சக்கரமில்லாமல் கையாலேயே பானை வனைந்து அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருப்பிலேயே வேரூன்றிவிட்ட குடும்பம். தொல்லியல் படித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்காமல், ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்ற தற்காலிகப் பணியில் அங்கே சேர்ந்திருந்தேன். கிழக்குச் சரிவில் தோண்டிய குழி என் பொறுப்பு. மற்ற நேரத்தில் மையும் நிப்பும்.

தோண்டிய ஓடுகளைக் கழுவிக் காயவைக்கும் இடத்துக்குப் பானை முற்றம் என்று பெயர். தென்னங்கீற்றுப் பந்தல், நாலு பிளாஸ்டிக் வாளி, பழைய பல் துலக்கும் பிரஷ்கள், தரையில் சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு. அங்கேதான் அக்கா இருந்தார். ஊர்க்காரர், கணவர் மறைமலைநகரில் கம்பெனி வேலை, விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் திரிந்தால் அவருக்கு அவள் டீச்சர்தான். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல டீச்சர்," என்று முடித்துவிட்டார்.

அக்காவின் விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் கழுவிவிட்டுக் கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். அவர் தண்ணீருக்குள் இருக்கும்போதே தடவிப் பிரித்துவிடுவார். கையால் வனைந்த சாம்பல் நிற ஓடு ஒரு பக்கம், பிற்காலத்துச் சக்கர ஓடு ஒரு பக்கம். ஆடு மேய்த்து வளர்ந்தவர் என்பதால் எலும்பும் அப்படியே. வாளிக்குள் கையை விட்டபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, "இது ஆடு. இது மாடு. இது ஏதோ கோழி மாதிரி கீது," என்று சொல்லிச் சொல்லி எடுத்துவைப்பார். பூனாவில் படித்த எலும்பு ஆய்வாளர் ஒருவர் பிறகு வந்து பார்த்துவிட்டு, தனக்கு இங்கே வேலையில்லை என்று சிரித்தார். ஒருநாள் ஒரு பானையின் அடிப்பாகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வரிவரியாக ஒரு தடம் இருந்தது. அலங்காரமோ என்று நான் நோட்டுப் புத்தகத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். "பாய் மேல வச்சிகீறாங்க டீச்சர். ஈரத்துல ஒட்டிகிச்சி." அவ்வளவுதான் விஷயம். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அகழாய்வு இயக்குநரை எல்லோரும் சார் என்போம். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. பெரிதாக ஒன்றும் கிடைக்காத இடங்களிலேயே அவர் காலம் கழிந்திருந்தது. குழி குழியாக வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார். "எழுதினியாம்மா? எழுதாட்டி அது கிடைக்கவே இல்லைன்னு அர்த்தம்." மேற்குச் சரிவில் வீட்டுத் தரை, கம்பம் நட்ட குழிகள், அடுப்பு எல்லாம் வந்தன. ஒரு மனித எலும்புகூட வரவில்லை. அது அவருக்குப் பெரிய குறை. பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கையில் கிழக்குச் சரிவில் இரண்டாவது குழி போடச் சொன்னார். அன்று காலை அக்கா என்னிடம் வந்து, "அந்தப் பக்கம் இன்னாத்துக்கு டீச்சர்? அங்க ஒண்ணும் கெடைக்காதே," என்றார். வேலை கூடுகிறது என்று சலித்துக்கொள்கிறார் என நினைத்தேன். "சார் சொல்லிட்டாருக்கா," என்று சொல்லிவிட்டு, குழிக்கு எல்லை குறிக்க நூல் பிடிக்கப் போய்விட்டேன். அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார். அதையும் நான் பார்க்கத்தான் செய்தேன்.

நான்காம் நாள் ஒரு கோடை மழை. மறுநாள் குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. பழைய மண்ணில் யாராவது பிற்காலத்தில் குழி வெட்டியிருந்தால் சுவரில் அந்த வெட்டு கோடாகத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் குழிப் பொறுப்பாளரின் முதல் வேலை. ஈரத்தில் எல்லா மண்ணும் ஒரே நிறமாக இருந்தது. காயட்டும் என்று விட்டிருக்க வேண்டும். சென்னையிலிருந்து மேலதிகாரிகள் வரப்போகிறார்கள் என்ற அவசரத்தில் நான் சேற்றை வாரிவிட்டுத் தோண்டச் சொன்னேன். ஐந்தாம் அடுக்கில் அந்தப் பானை வந்தது. சாம்பல் நிறம், கையால் வனைந்தது, வாயை இன்னொரு உடைந்த பானையின் அடிப்பாகம் மூடியிருந்தது. மூடியை எடுத்ததும் உள்ளே மண்ணும், அதற்குள் தீக்குச்சி கனத்தில் எலும்புகளும். கைக்குழந்தையின் எலும்புகள். அந்தக் காலத்து மக்கள் இறந்த குழந்தைகளைப் பானையில் வைத்து வீட்டுத் தரையிலேயே புதைத்தார்கள் என்று வேறு இடங்களில் கண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதுவரை இல்லை. சார் குழிக்குள் இறங்கி முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் தோளைத் தட்டி, "அடுத்த பருவமும் நீ இருக்கம்மா," என்றார். அன்றைக்கு நான் அடைந்த பெருமிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை பானையும் எலும்புகளும் முற்றத்துக்கு வந்தன. பானையின் அடியிலும் பாய்த் தடம் இருந்தது. அதன் ஓரத்தில் நான் எண்ணை எழுதினேன். எலும்புகளில் எழுத நிப்பு கொள்ளும் இடமில்லை. பஞ்சு வைத்த அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டிமேல் எழுதினேன். பானைக்குள் இருந்த மண்ணைச் சலித்தபோது ஒரு கறுப்பு மணி வந்தது. தனியே கழுவிப் பார்த்தேன். மணியின் நடுவில் மெல்லிய ஒட்டுக்கோடு ஓடியது. அச்சில் வார்த்த கண்ணாடி மணி. மாமல்லபுரத்துக் கடைகளில் சங்குமாலைகளுக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்குத் திருஷ்டிக்குக் கட்டச் சரம் சரமாகத் தொங்குமே, அது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கை தண்ணீருக்குள் இருந்தது. ஒன்றையும் கழுவவில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு சொன்னார். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசுவார். அன்று நீ என்று வந்தது.

"அது என் பொண்ணு டீச்சர். ஒம்போது நாள் இருந்திச்சி. காமாலை. பஸ்ஸுல தூக்கினு போறப்பவே போயிடிச்சி. பேர் வெக்காத கொழந்தைய நாங்க எரிக்க மாட்டோம். மேட்டுலதான் வெப்போம். மேட்டுலயே கெடைக்கிற பானைலதான் வெக்கணும். மேட்டுல கீறவங்க பாத்துப்பாங்கன்னு எங்க மாமியார் சொல்லும். ஆறு வருசம் ஆவுது."

பானை பழையது, குழந்தை புதியது. எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் நான் முதலில் நினைத்தது குழந்தையைப் பற்றியல்ல, சுவரைப் பற்றி. ஓடிப்போய்ப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சுவரின் உச்சியிலிருந்து பானை இருந்த இடம் வரைக்கும் வளைந்து இறங்கியது கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காட்டிவிடும், அவ்வளவு தெளிவு. திரும்பி வந்து சாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாராண்டயும் சொல்லாத. எலும்புன்னா போலீசு வரும். பொட்டப் புள்ள. நீங்களே கொன்னுட்டீங்களான்னு கேப்பான். எங்க வூட்டுக்காரு தாங்க மாட்டாரு. நீ எடுத்து எங்கையில குடுத்துடு. நானே வச்சிடறேன்."

"எடுத்துத் தரேன்க்கா," என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டி அன்று மாலை முழுக்க என் பொறுப்பில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிவரை இருந்தது. எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பெட்டி காணாமல் போனால் யாரைக் கேட்பார்கள்? என்னை. உண்மையைச் சொல்லிவிட்டுக் கொடுத்தால்? சுவரில் இவ்வளவு பெரிய கோட்டை விட்டவளை அடுத்த பருவத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? சாரிடம் மட்டும் தனியாகச் சொல்லி, போலீஸ்வரை போகாமல் பார்த்துக்கொள்ளக் கேட்டிருக்கலாம். அவர் கேட்டிருப்பார், அப்படிப்பட்டவர்தான். ஆனால் குழிக்குள் கண் கலங்கிய அந்த முகத்தை நான் கலைக்க வேண்டியிருந்தது. அக்காவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம் ஒன்று கையில் இருந்தால் கோழைக்கு அதைவிட என்ன வேண்டும்? சுவரின் வரைபடத்தை அன்று மாலையே வரைந்தேன். கோடு இல்லாமல் வரைந்தேன். காலை பத்து மணிக்குச் சார் ஜீப்பில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் அந்தத் துண்டு திரும்பாது.

மதியம் அக்கா பந்தலுக்குப் பின்னால் வந்து நின்றார். "எடுத்துட்டியா டீச்சர்?" என்று கேட்டார்.

அப்போது நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிடங்கறைக்குப் போனேன். மேற்குக் குழிகளின் எலும்புப் பைகள் அங்கே இருந்தன. அந்தக் காலத்து மனிதர்கள் தின்றுபோட்ட ஆட்டுக்குட்டிகளின் எலும்புகள். சின்னதாகப் பார்த்து, மெல்லியதாகப் பார்த்து, அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பானையில் சலித்த மண்ணில் ஒரு பிடி, அந்தக் கறுப்பு மணி, இரண்டும் மட்டும் நிஜம். எல்லாவற்றையும் என் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். முடிச்சை அவிழ்க்கவில்லை. துணிக்கு மேலாகவே விரல்கள் ஒரு முறை நகர்ந்தன. நின்றன. மறுபடியும் நகர்ந்தன. நான் தரையில் சுண்ணாம்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. "செரி டீச்சர்," என்றார். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்து போனார்.

பருவம் முடிய ஒரு வாரம் இருந்தது. அவர் தினமும் வேலைக்கு வந்தார், கழுவினார், காயவைத்தார். எலும்பு வந்தால் மட்டும் இது ஆடு இது மாடு என்று சொல்வதை நிறுத்திவிட்டார். பேசாமல் ஒரு தட்டில் போட்டு என் பக்கம் தள்ளுவார். நான் எண் எழுதுவேன். துக்கத்தால்தான் பேசவில்லை என்று நம்ப மிகவும் முயன்றேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது சார் என்னைக் கூப்பிட்டார். எலும்பு அண்மைக் காலத்தது. "சுவர்ல கோடு எதுவும் இல்லையேம்மா?" என்று கேட்டார். என் வரைபடத்தை முன்னால் விரித்து வைத்திருந்தார். "இல்லை சார்," என்றேன். மாதிரி ஏதோ கலப்படமாகிவிட்டது என்று எழுதி மூடிவிட்டார். அறிக்கையில் அந்தக் குழந்தைக்கு ஒரு வரிகூட இல்லை. பானைக்கு மட்டும் படம் இருந்தது. எனக்கு அடுத்த பருவம் கிடைத்தது. அதை முடித்துவிட்டு விலகிவிட்டேன். சார் ஓய்வு பெற்று, இரண்டே வருடத்தில் காலமானார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நிஜமாகவே டீச்சர் ஆகிவிட்டேன். போன ஆண்டு மாணவிகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனபோது, கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்திலும் நுழைந்தோம். அந்தப் பானை அங்கே கண்ணாடிக்குள் இருந்தது. பாய்த் தடம் தெரிவதற்காக அடியில் ஒரு கண்ணாடி வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். தடத்தின் ஓரத்தில் என் கையெழுத்து இடவலமாகத் திரும்பித் தெரிந்தது. நகப்பூச்சு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒரு புள்ளிகூட அழியவில்லை. நான் நின்ற நேரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த காவலர் அருகில் வந்தார்.

"இன்னாம்மா, நீங்களும் இதாண்டயே நின்னுட்டீங்க? வருசா வருசம் மாசி மகத்துக்கு ஒரு அம்மா வருவாங்க. கடல்ல முழுக்குப் போட்டுட்டு ஈரத்தோட நேரா இங்கதான். இதுல இருந்தத எங்க வச்சிகீறீங்கன்னு கேப்பாங்க. காலிப் பானைதாம்மான்னு சொல்லுவேன். கேட்டுனு போயிடுவாங்க. மறு வருசம் வந்து அதையேதான் கேப்பாங்க."

மாணவிகள் பக்கத்து அறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். துணிக்கு மேலாக அந்த விரல்கள் நின்ற நிமிடம் திரும்பி வந்தது. தண்ணீருக்குள் எங்கோ பார்த்துக்கொண்டே ஆட்டையும் மாட்டையும் பிரித்த விரல்கள். அவற்றை ஏமாற்றிவிட்டதாக நான் பத்து வருடம் நம்பியிருந்தேன்.

இந்த மாசி மகத்தன்று காலையிலிருந்தே அந்தப் பானைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல் வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. புடவையிலிருந்து உப்புநீர் சொட்டியது. என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா டீச்சர்," என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல. மன்னிப்புக் கேட்பதற்கு நான் கோத்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "அக்கா, அன்னிக்கு நான் குடுத்தது..." என்று தொடங்கினேன்.

"தெரியும். ஆட்டு எலும்பு. குட்டி ஆடு," என்றார். "அதையும் பத்திரமாத்தான் பொதச்சிகீறேன். அதுவும் ஏதோ ஒரு தாய் பெத்ததுதானே. பால் ஊத்தி, மணிய மேல வச்சிட்டு வந்தேன்."

"ஏன்க்கா அப்பவே கேக்கல?"

"நீ அழுதுகினு நின்ன. ஒண்ணும் செய்ய முடியாம போச்சின்னு தெரிஞ்சிது. உன்னாண்ட கேட்டு இன்னா ஆவப் போவுது?" புடவை நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு வருசம் உன்ன நெனச்சாலே வயிறு எரியும். இப்ப மாமியாரும் இல்ல. மேட்ட பிளாட்டு போட்டு வித்துட்டான். பாதி மேடு போச்சி. மீதி இருக்கறப்பவே கொண்டாந்து வச்சிடணும். போலீசு வந்தா வரட்டும், நான் சொல்லிக்கறேன். எங்க கீதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். எளிதாக இல்லை. மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கிடங்கில், இரும்பு அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அட்டை பழுப்பேறியிருந்தது, கறையான் தொடவில்லை. பெட்டிமேல் அதே எண். அதைப் பார்த்தேன், தொட அனுமதியில்லை. திரும்பப் பெற வேண்டுமானால் மனு எழுத வேண்டும், அது யாருடையது, எப்படித் தெரியும், அகழாய்வுப் பதிவில் ஏன் இல்லை என்றெல்லாம் விளக்க வேண்டும் என்றார் அங்கிருந்த அதிகாரி. விளக்கக்கூடிய ஆள் ஒருத்திதான் மிச்சம்.

போன வாரம் அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லி, இந்த மேசையில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். சுவரில் கோடு இருந்தது, பார்த்தேன், மறைத்து வரைந்தேன் என்று எழுதினேன். சரியான வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து இணைத்தேன். பதினோரு வருடத்தில் அந்த வளைவு கொஞ்சமும் மங்கவில்லை. கல்லூரியில் என்ன சொல்வார்கள், வேலை என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அக்கா எதிரில் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்த மைப்புட்டியை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவில், கோரப்படுவது எது என்ற இடத்துக்கு வந்தபோது என் கை யோசிக்காமல் கிழக்கு இரண்டு, ஐந்தாம் அடுக்கு என்று எழுதிவிட்டது. அதே பொடி எழுத்து. பேனாவை எடுத்துவிட்டு, "அக்கா, பேர் வெக்கறதுக்குள்ள போயிட்டாள்னு சொன்னீங்களே. என்ன பேர் நினைச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் புட்டியை மேசைமேல் வைத்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மனுவில் எண்ணை அடித்துவிட்டு, அதற்கு மேலே அதை எழுதினேன்.